பாவாயி பெயரில் ஒரு துண்டு

ஆகஸ்ட் 18, ஞாயிறு

முத்தூர் ரோட்டு மண்டபத்தில் கல்யாணச் சமையல். காலையில் அறுநூறு இலை, மதியம் தொள்ளாயிரம். ஒரு பந்திகூடப் பிந்தவில்லை. பருப்புப் பூரணம் வைத்த ஒப்புட்டு எந்த இலையிலும் மிஞ்சி நான் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா மட்டும் சமையல்கட்டு வரைக்கும் வந்து, "குழம்புல காரமே இல்லீங்களே, காய்ச்சக்காரனுக்கு வெச்ச மாதிரி இருக்குது" என்றார்.

"வயசானவங்க நெறையப் பேரு வந்திருக்காங்கன்னு கம்மி பண்ணுனனுங்க" என்றேன். அவருக்கே எழுபது இருக்கும். திரும்பிப் பந்திக்கே போய்விட்டார்.

உண்மையில் இந்த வருடத்து மிளகாய் சரியில்லை. குழம்பை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைத்தால் இடது கன்னத்துக்குள் தணல் வைத்த மாதிரி எரிகிறது. அதனால் ஆடி மாசத்திலிருந்தே மிளகாயைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். அதே கடை, அதே மிளகாய்தானே என்கிறாள் பாவாயி. என்னோடு இருபத்திரண்டு வருடமாகக் கரண்டி பிடிக்கிறவள், எனக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கிறவள். கரண்டி பிடிக்க நன்றாக வரும். மிளகாயைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்.

இந்த டைரி அரிசி மில்லில் கொடுத்தது. வருடா வருடம் கொடுப்பார்கள். எந்தக் கல்யாணத்துக்கு என்ன சமையல் என்று மட்டும்தான் எழுதி வைப்பேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன், ஆனால் என் கையெழுத்தைப் பார்த்து ஐந்தாவது என்று யாரும் சொல்லமாட்டார்கள். இந்த வருடம் மற்றதையும் எழுதலாம் என்று இருக்கிறது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆகஸ்ட் 21, புதன்

வினோதினி போன் பண்ணினாள். என் மகள் தனலட்சுமியின் பெண். பல் டாக்டருக்கு ஐந்து வருடம் படித்து முடித்து, அதற்கும் மேலே வாய்நோய்ப் படிப்பு படிக்கிறாள். இந்தத் தெருவில் எல்லாரும் "பல்லுப் புடுங்கற டாக்டரா?" என்றுதான் கேட்கிறார்கள். எத்தனை தடவை சொல்வது. பிடுங்குவது வேறு ஆள். இவளிடம் வாயிலிருந்து வெட்டி எடுத்த துண்டு போகும். அதை மெழுகுக்குள் வைத்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, கருவியில் கண்ணை வைத்துப் பார்த்து, இது இன்ன நோய் என்று எழுதுவாள். அவளும் அவள் மேடமும் எழுதிக் கொடுத்த பிறகுதான் மற்ற டாக்டர்கள் கத்தியையே எடுப்பார்கள்.

"அமுச்சி, ஒண்ணாந்தேதி உங்கூர்ல வாய்ப் பரிசோதனை முகாம் போடறோம். தறிக்குப் போறவங்க, வெத்தல போடறவங்க எல்லாத்தையும் கூட்டியாரது உம்பட பொறுப்பு."

"எத்தன பேரு வேணும்?"

"முப்பது வந்தாப் போதும்."

"நாப்பத்திநாலு தாறேன்."

"நீ சொன்னா வந்துருவாங்க. நான் லேபை உட்டு வர முடியாது, வேற டாக்டருங்க வருவாங்க." பிறகு கேட்டாள். "நீ வெத்தலைய உட்டுட்டதான?"

"உட்டு நாலு வருசமாச்சு அம்மிணி."

இதில் பொய் இல்லை. வெற்றிலையையும் சுண்ணாம்பையும் விட்டு நாலு வருடம் ஆகிறது. பாக்கைப் பற்றியும் புகையிலையைப் பற்றியும் அவள் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

இன்றைக்கு வாங்கின பச்சை மிளகாயும் சரியில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

முகாம் நல்லபடியாக நடந்தது. வரிசை நிற்காமல் போக வேண்டும் என்று நேற்றே நாற்பத்திநாலு சீட்டிலும் பெயர், வயது, தெரு, போன் நம்பர் எல்லாம் நானே எழுதி வைத்துவிட்டேன். பதிவு பண்ணுகிற பெண், "யாருங்க இதெல்லாம் எழுதுனது, அச்சு மாதிரி இருக்கு" என்றாள்.

வாயை அகலமாகத் திறக்கச் சொல்கிறார்கள். நம் விரல்களையே ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி உள்ளே வைக்கச் சொல்கிறார்கள். மூன்று விரல் நுழைந்தால் நல்லது. பிறகு லைட் அடித்துக் கன்னம், நாக்குக்கு அடி, அண்ணம் எல்லாம் பார்க்கிறார்கள். தறிக்காரப் பெண்கள் கூச்சப்பட்டுச் சிரித்தார்கள். அவர்களில் தேவாத்தாள், "எம்பட புருசனுக்கே நான் இத்தன தூரம் வாயைத் தொறந்து காட்டுனதில்லீங்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

நாற்பத்திமூன்று பேர் ஆயிற்று. பாவாயி வரவில்லை. கரூர் ரோட்டுக் கோயில் அன்னதானத்துக்கு அவளை நான்தான் அனுப்பியிருந்தேன், மறந்து அவளுக்கும் சீட்டு எழுதிவிட்டேன். சொன்ன கணக்கில் ஒன்று குறைவது எனக்குப் பிடிக்காது. சொன்ன இலை விழ வேண்டும். அதனால் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு நானே போய் உட்கார்ந்தேன். என் பெயரில் புதிதாக ஒரு சீட்டு எழுதியிருக்கலாம். ஆனால் நாச்சாயம்மாள், வெள்ளகோவில் என்று ஒரு காகிதம் அந்தக் காலேஜுக்குப் போனால் யார் கண்ணில் படும் என்று எனக்குத் தெரியாதா. பாவாயி, அறுபத்தொன்று. எனக்கு அறுபத்துநாலு. மூன்று வயது லாபம்.

எனக்கு இரண்டு விரல்தான் நுழைந்தது. கரண்டி பிடித்த விரல், தடிமன்.

கண்ணாடி போட்ட தம்பி டாக்டர் இடது கன்னத்தை இழுத்துப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். துணியால் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"வெள்ளையா ஒரு திட்டு இருக்கு பாட்டி. தொடச்சாப் போகல. இந்தப் பக்கம்தான புகையிலை அதக்குவீங்க?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"திட்டு அங்கதான இருக்கு."

கெட்டிக்காரத் தம்பி. இலையில் ஒருவர் எதை முதலில் தொடுகிறார் என்று பார்த்து அவர் எந்த ஊர் என்று நான் சொல்வேன். அது மாதிரி. புதன்கிழமை வேனில் காலேஜுக்கு வரச் சொன்னார். மொத்தம் ஆறு பேருக்குச் சொல்லியிருக்கிறார்கள். எரிச்சல் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன்.

செப்டம்பர் 4, புதன்

வேனில் ஆறு இடம் போட்டுவிட்டார்கள், ஒன்று காலியாகப் போவானேன் என்று போனேன். வினோதினி படிக்கிற இடத்தையும் பார்த்த மாதிரி இருக்கும்.

பெரிய காலேஜு. தரை துடைத்துத் துடைத்துப் பளபளவென்று இருக்கிறது. கன்னத்தில் ஒரு ஊசி. மரத்துப்போன பிறகு ஒரு பயறு அளவுக்குத் துண்டை எடுத்து, தண்ணீர் மாதிரி ஏதோ ஊற்றின சின்ன பாட்டிலில் போட்டு, மேலே பாவாயி என்று எழுதி ஒட்டினார்கள். எழுத்து சுமார்தான். உருகிப்போகிற தையல் இரண்டு போட்டார்கள். வலி இல்லை.

பாட்டிலை ஒரு பெண் தட்டில் வைத்து மாடிக்குக் கொண்டுபோனாள். மாடியில் யார் என்று எனக்குத் தெரியும்.

வேன் கிளம்ப நேரம் இருந்தது. தூணுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். வெள்ளைக் கோட்டோடு வினோதினி படியிறங்கி வந்தாள். டப்பாவைத் திறந்து நின்றபடியே நாலு வாய் சாப்பிட்டாள். தயிர்சாதம். தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. கையைக் கழுவிக்கொண்டு இரண்டு இரண்டு படியாக ஏறிப் போய்விட்டாள். முன்னைக்கு இளைத்திருக்கிறாள். நான் கூப்பிடவில்லை. மரத்துப்போன வாயை வைத்துக்கொண்டு எப்படிக் கூப்பிடுவது.

செப்டம்பர் 5, வியாழன்

கடைவாய்ப் பல் பிடுங்கினேன் என்று பாவாயியிடம் சொன்னேன். மேலயா கீழயா என்று கேட்டாள். மேலே என்றேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஓலப்பாளையத்தார் வீட்டுக் கல்யாணம். குழம்பு, ரசம், கூட்டு எல்லாவற்றையும் பாவாயியையே ருசி பார்க்கச் சொன்னேன். அவளும் பழக வேண்டாமா. பெண்ணின் அப்பா சமையல்கட்டுக்கு வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "இந்த மாதிரி கொழம்பு சாப்பிட்டு நாளாச்சுங்க" என்றார். அவளைப் பழக்கினது நான்.

செப்டம்பர் 11, புதன்

காலை பத்தரைக்கு வினோதினி போன் பண்ணினாள். வேலை நேரத்தில் அவள் பண்ணமாட்டாள்.

"அமுச்சி, இதை உங்கிட்டச் சொல்லக்கூடாது. ஆனா ஆளப் புடிக்க முடியல. நம்ம பாவாயி ஆயா இருக்காங்கல்ல. அவங்க வாய்ல எடுத்த துண்டை நாந்தான் பாத்தேன். மேடமும் பாத்துட்டாங்க."

"என்னவாம்?"

"நல்லதில்ல. மேல்தோலு பூராக் கெட்டிருக்கு. தோலுக்கு அடியில ஒரு கோடு மாதிரி இருக்கும் அமுச்சி. அதைத் தாண்டிக் கீழ எறங்குனா அப்புறம் கஷ்டம். இப்ப ஒரே ஒரு எடத்துல தாண்டப் பாக்குது. இப்ப வந்தா வெட்டி எடுத்துட்டு ஊட்டுக்குப் போயிரலாம். ஆறு மாசம் கழிச்சு வந்தா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

"தப்பா இருக்காதா?"

"ரெண்டு பேரு பாத்தாச்சு. தப்பில்ல."

எவ்வளவு தெளிவாகச் சொல்கிறாள். ஒரு சொல் வழவழ என்று இல்லை. ஐந்தாவது படித்தவளுக்குப் புரிகிற மாதிரி டாக்டர் பேசுவது லேசா.

ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று தடவை பாவாயிக்குப் போன் பண்ணினார்களாம். "நான் எந்த ஆசுபத்திரிக்கும் வரல, எங்கிட்ட ஏமாத்தாதீங்க" என்று வைத்துவிட்டாளாம். நீ போய்ப் பேசு அமுச்சி, நீ சொன்னாக் கேப்பாங்க என்றாள். பேசுகிறேன் என்றேன்.

பிற்பகல் பாத்திரங்களை எல்லாம் இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன். பதினாறாம் தேதி ஒரு நிச்சயதார்த்தம் இருக்கிறது. அது முடிந்தால் புரட்டாசி, கல்யாணம் கிடையாது. அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் 13, வெள்ளி

நேற்று நர்சம்மா பாவாயி வீட்டுக்கே காகிதத்தோடு வந்துவிட்டாராம். மகன், மருமகள், எதிர்வீடு எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

காலையில் போனேன். பாவாயி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவள் டம்ளரைத் தனியாக எடுத்து ஜன்னலில் வைத்திருந்தார்கள். மருமகள் வைத்தாளா இவளே வைத்துக்கொண்டாளா தெரியவில்லை.

"உன்ர வாய்ல யாராச்சும் துண்டு எடுத்தாங்களா?" என்று கேட்டேன்.

"எடுக்கலீங்கக்கா. ஆனா காகிதத்துல எம் பேரு, எம் போன் நம்பரு, தெருவெல்லாஞ் சரியா இருக்குதே. அந்த ஊசியப் போட்டா ஞாபகமே இருக்காதுங்கறாங்க. அன்னைக்கு அன்னதானத்துல சித்த நேரம் தலைசுத்தலா இருந்துச்சு, அப்பப் பண்ணீருப்பாங்களோ என்னமோ. கண்ணாடில பாத்தேன். உள்ள செவப்பா இருக்குது."

"எல்லாத்துக்கும் வாய் செவப்பாத்தான்டி இருக்கும்."

"பெரிய உருளிய நீங்களே வெச்சுக்குங்க. ஜல்லிக்கரண்டி மட்டும் எம் மருமவளுக்கு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து சாப்பிடு என்று சத்தம் போட்டேன். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம். சத்தம் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. மருமகள் நின்றுகொண்டிருந்தாள்.

காலையிலிருந்து வாயில் ஒன்றும் வைக்கவில்லை. புகையிலைப் பொட்டலம் அப்படியே இருக்கிறது.

செப்டம்பர் 15, ஞாயிறு

வினோதினி வந்தாள். எனக்குச் சொல்லாமல் நேராகப் பாவாயி வீட்டுக்கே போய்விட்டாள். பக்கத்து வீட்டுப் பெண் வந்து சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும்.

நான் போனபோது பாவாயியை வாசலில் வெளிச்சத்துக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள். கையுறை போட்டிருந்தாள், ஒரு கையில் சின்ன டார்ச். மகனும் மருமகளும் பக்கத்தில். அவள் வேலை செய்து நான் பார்த்ததில்லை. உதட்டைச் சுருட்டி, கன்னத்தை விரலால் விலக்கி, நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, ஒரு இடம் விடாமல் பார்க்கிறாள். அரிசியில் கல் பார்க்கிற மாதிரி.

"ஆயா, மூணு விரலு வெய்யுங்க." மூன்றும் நுழைந்தது.

வினோதினி டார்ச்சை அணைத்தாள். "தையல் போட்ட தழும்பே இல்ல. திட்டும் இல்ல. இது அந்த வாயே இல்ல" என்றாள். பையிலிருந்து காகிதம் எடுத்தாள். முகாமில் கொடுத்த சீட்டு பின் அடித்து இருந்தது. அதைப் பார்த்தாள். நான் எழுதின சீட்டு. வருடம் தவறாமல் அவள் பிறந்தநாளுக்கு நான் கடிதம் போடுவேன், இந்தக் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை. நான் தொட்டித் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துத் துப்பினேன். பாவாயியை எழுந்திருக்கச் சொன்னேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தேன்.

அவள் டார்ச்சைப் போட்டாள். நேராக இடது கன்னத்துக்குப் போகவில்லை. பாவாயிக்குப் பார்த்த மாதிரியே உதடு, அண்ணம், நாக்குக்கு அடி, எல்லாம் வரிசையாகப் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் அங்கே வந்தாள். நல்ல பழக்கம். பார்த்து முடித்ததும் கையுறையைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வர மடித்து, பைக்குள் போட்டாள்.

"நாலு வருசமாச்சுன்னு சொன்னியே அமுச்சி."

"வெத்தலைய உட்டு."

பாவாயிக்கு அப்போதுதான் விளங்கியது. எழுந்து நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "எம் பேரு உங்களுக்கு அவ்வளவு எளக்காரமாப் போச்சாக்கா? நாலு நாளா எனக்குப் பச்சத்தண்ணி எறங்கல. ஜல்லிக்கரண்டிய வேற குடுத்துட்டேன்." மருமகளிடம் திரும்பி, "கொண்டா அதை இங்க" என்றாள். பிறகு அடுப்படிக்குப் போய்ப் பழைய சோற்றுச் சட்டியை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். சாப்பிட்டுக்கொண்டே என்னைத் திட்டினாள். மறுசோறு போட்டுக்கொண்டும் திட்டினாள். அவள் அழுதாளா என்று நான் பார்க்கவில்லை, நானும் கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. ஊறுகாய் எடுத்து வைத்தேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

காலேஜுக்கு எழுதிக்கொடுக்க வேண்டிய கடிதம். நாலு தாள் கிழித்து ஐந்தாவதில் சரியாக வந்தது. "கீழே கையெழுத்து இட்டுள்ள நாச்சாயம்மாள் ஆகிய நான் பாவாயி அல்ல என்றும், பாவாயி நான் அல்ல என்றும் இதன் மூலம் உறுதி கூறுகிறேன். தங்களிடம் உள்ள துண்டு என்னுடையது." ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இங்கேயே தங்கியிருக்கிற வினோதினிக்கு, படித்துப் பார்த்ததும், மூன்று நாளில் முதல் தடவையாக உதடு கொஞ்சம் பிரிந்தது.

நேற்று நிச்சயதார்த்தச் சமையலைப் பாவாயியே தலைமை நின்று செய்தாள். நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 23, திங்கள்

மதியம் ஆபரேஷன். காலையில் எழுதுகிறேன்.

பாவாயிதான் துணைக்கு வந்திருக்கிறாள். "எம் பேருல வந்த சீக்கு, நாந்தான கூட வரோணும்" என்று நர்சிடமும் சொல்லிவிட்டாள். தனலட்சுமி மத்தியானப் பஸ்ஸில் வருகிறாள்.

பழக்கவழக்கம் எழுதுகிற ஒரு பெண் வந்தாள். வினோதினி அவள் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டாள். "நானே எழுதறேன்" என்றாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எத்தன வருசமா?"

தலை குனிந்தே கேட்டாள். இந்த மாதிரி ஒரு நாள் வரும் என்று தெரிந்துதான் இத்தனை வருடம் ஓட்டினேன் போலிருக்கிறது.

"நாப்பத்தஞ்சு."

எழுதினாள்.

"எப்படி ஆரம்பிச்சுது?"

"உங்கம்மா வயித்துல இருக்கறப்பப் பல்லுவலி. மாசமா இருக்கறவளுக்குப் பல்லுப் புடுங்கக் கூடாதுன்னுட்டாங்க. எம் மாமியா ஒரு துண்டு பொகையலயக் கிள்ளி அந்தப் பல்லுக்கிட்ட வெச்சு உட்டாங்க. வலி நின்னுபோச்சு. பொகையல நிக்கல."

"அப்புறம்?"

"அப்புறம் சமையலுக்கு வந்துட்டேன். கடேசிப் பந்தி எந்திரிக்கற வரைக்கும் சமையக்காரி கை நனைக்கக் கூடாது. விடியக்காலம் மூணு மணிக்கு அடுப்புப் பத்த வெச்சா சாப்பிட மத்தியானம் நாலாயிரும். அத்தன சோத்துக்கு நடுவுல நின்னுட்டுப் பசிய என்ன பண்றது? இதக் கொஞ்சம் அதக்கிக்கிட்டாப் பசி தெரியாது."

"ஒரு நாளைக்கு எத்தன தடவ?"

"எட்டு. கண்ணாலம்னாப் பத்து."

எல்லாவற்றையும் எழுதினாள். ஒரு சொல் திட்டவில்லை. "தூங்கறப்பவும் வெச்சுக்குவியா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அதையும் எழுதினாள்.

எழுதி முடித்துப் பேனாவை மூடாமலே சொன்னாள். "வெட்டறது வேற டாக்டரு. ஆனா வெட்டுன துண்டு மறுபடியும் எங்கிட்டத்தான் வரும். சுத்தியும் ஓரம் சுத்தமா இருக்குதான்னு பாக்கோணும். ஓரத்துல கெட்டது இருந்தா இன்னும் வெட்டோணும், கதிர்வீச்செல்லாம் வேண்டிவரும். மேடம் அவங்களே பாக்கறன்னு சொன்னாங்க. நான் வேண்டான்னுட்டேன்."

"நீதான் பாக்கோணும். வேற ஆளு பாத்தா நான் நம்பமாட்டேன்" என்றேன்.

பயம் ஒன்றும் இல்லை. நாலாயிரம் இலைக்குச் சமைத்தவள். பாவாயி என் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதால் எழுத்து கோணலாக வருகிறது.

செப்டம்பர் 26, வியாழன்

பேசக் கூடாது. கஞ்சித் தண்ணி. அதில் உப்பு இருக்கிறதா என்றே தெரியவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டேன். துண்டைப் பார்த்து எழுத வியாழக்கிழமை ஆகும். எலும்பு, நரம்பு எதையும் தொடவில்லை, அளவாகத்தான் எடுத்திருக்கிறோம் என்று வெட்டின டாக்டர் சொன்னார். அளவு பற்றி அவர் சொல்வது இருக்கட்டும். வியாழக்கிழமை வரட்டும்.

அக்டோபர் 1, செவ்வாய்

பாவாயி மூன்று வேளையும் வருகிறாள். ஐப்பசியில் ஐந்து கல்யாணம் கேட்டு வந்தார்கள். வியாழக்கிழமைக்கு அப்புறம் வாருங்கள் என்று அவளே அனுப்பிவிட்டாள்.

அக்டோபர் 3, வியாழன்

காலையிலிருந்து போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். அடிக்கவில்லை. மத்தியானப் பஸ்ஸில் வினோதினியே வந்து இறங்கினாள். கெட்ட செய்தியாக இருந்தால் முதலில் அவள் அம்மாவுக்குப் போன் போயிருக்கும், தனலட்சுமி அழுதுகொண்டு எனக்குப் பண்ணியிருப்பாள். அப்படித்தான் கணக்குப் போட்டேன். ஆனாலும் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே வந்து பையை வைத்தாள். "ஓரம் சுத்தம் அமுச்சி. நாலு பக்கமும், அடியிலயும். கோட்டத் தாண்டுனது நூல் அளவுக்குத்தான். அதுவும் வெட்டுன துண்டுக்குள்ளயே இருக்கு. மாசம் ஒருக்கா வந்து எங்கிட்ட வாயைக் காட்டோணும், அவ்வளவுதான்."

"கைகால் கழுவிட்டு வா, சாப்பிடலாம்" என்றேன். இன்னும் முழுசாகப் பேச்சு வரவில்லை, ஆனால் அவளுக்குப் புரிந்தது.

அவள் போகவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். அந்த மொதல் ஸ்லைடு. பாவாயின்னு வந்தது. அதைப் பாத்ததும் எனக்குச் சந்தோசமா இருந்துச்சு அமுச்சி. ஒரே துண்டுல இந்தக் கடேசில நல்ல தோலு, நடுவுல கெட ஆரம்பிச்சது, அந்தக் கடேசில கெட்டது. மூணும் வரிசையா. பொஸ்தகத்துலகூட அப்படி இருக்காது. போட்டோ எடுத்து ஜூனியருங்களக் கூப்பிட்டுக் காட்டினேன். எவ்வளவு அழகா இருக்கு பாருங்கன்னு சொன்னேன். மேடம் எல்லாத்து முன்னாலயும் பாராட்டினாங்க. அது உன்னுதுன்னு தெரிஞ்சதுல இருந்து எனக்குத் தூக்கமே வரல. அழகுன்னு சொன்னனே."

சொல்லிவிட்டு அழுதாள். பதினெட்டு நாள் அடக்கி வைத்த அழுகை. நான் அவள் அழட்டும் என்று விட்டேன். பிறகு கேட்டேன்.

"அழகா இருந்துச்சா, இல்லியா?"

"இருந்துச்சு."

"பொறகென்ன? இல்லாததச் சொல்லியிருந்தாத்தான் தப்பு. எம்பட வாய்ல வெளஞ்சது, மட்டமாவா இருக்கும்?"

அவளுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"காட்டு, பாக்கலாம்" என்றேன்.

போனில் அந்தப் படத்தை எடுத்தாள். ரோஸும் ஊதாவுமாக, முகூர்த்தப் பட்டுக்கு நெய்த கரை மாதிரி இருக்கிறது. எத்தனையோ ஆயிரம் சின்னச் சின்னப் புள்ளி. ஒரு பக்கம் வரிசையாக அடுக்கி வைத்த மாதிரி. போகப் போக ஒன்றுமேல் ஒன்று ஏறி, பெரிசும் சிறிசுமாக, பந்தியில் இடம் பிடிக்க நெருக்குகிற கூட்டம் மாதிரி. அடியில் ஒரு கோடு. சுண்டுவிரல் நகத்தால் ஓர் இடத்தைக் காட்டினாள். "இங்கதான் தாண்டப் பாத்துச்சு." நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கடுகை உடைத்தால் வருகிற அளவு கூட இல்லை. இதைக் கண்டுபிடித்திருக்கிறாள். என்னுடையது என்று தெரியாமலே, பாவாயி பிழைக்க வேண்டும் என்று மூன்று தடவை போன் போட வைத்து, நர்சை அனுப்பி, ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

"இத எம் போனுக்கு அனுப்பு."

"எதுக்கு அமுச்சி?"

"அனுப்பு."

அவளுக்குச் சோறு போட்டு, அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே போனை எடுத்துக்கொண்டு பாவாயி வீட்டுக்குப் போனேன். "எம் பேத்தி கண்டுபுடிச்சது" என்று காட்டினேன். பாவாயி போனைத் தலைகீழாகத் திருப்பி, "எதுங்கக்கா மேல, எது கீழ?" என்றாள். விளக்கினேன். "இதுக்கு முன்ன எம் பேருதான இருந்துச்சு" என்று சொல்லி இன்னும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு எதிர்வீடு. அதற்கடுத்த வீடு. தறிக்குடோன் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேர். எல்லாருக்கும் வாயைத் திறந்து கன்னத்தையும் காட்டினேன், படத்தையும் காட்டினேன். நல்ல தோல் இது, கெட ஆரம்பித்தது இது, கோடு இது.

எட்டாவதாகத் தேவாத்தாள் வீடு. கன்னம் உப்பலாக வாசலில் உட்கார்ந்திருந்தாள். படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். எழுந்து சாக்கடை ஓரம் போய் வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு, இரண்டு தடவை கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இன்னொருக்காக் காட்டுங்க" என்றாள்.

காட்டினேன்.